நாலு காந்தம் தேடி வந்தவர்

எங்கள் ஃபேக்டரி ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலி இருந்தது. நான் அங்கே வேலை பார்த்த ஆறு வருஷத்தில், ஸ்டோரைக் கவனித்துக்கொண்டவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே நடப்பார். ஒரு வாய் வைப்பார், ஏதாவது ஒரு டப்பாவின் மூடியை அழுத்திப் பார்ப்பார், இன்னொரு வாய் வைப்பார். "உக்காந்து சாப்டுங்கக்கா" என்றால், "உக்காந்தா சோறு எறங்காது சார். எதையோ மறந்துட்ட மாதிரியே இருக்கும்" என்பார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், எழுத்து சரியா, இனிஷியல் சரியா என்று பார்க்கப் பள்ளிகொண்டாவிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். ஃபேக்டரியில் எல்லோருக்கும் அவர் ஸ்டோர் அக்கா. என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் சாம்பிள் செக்‌ஷன் இன்சார்ஜ். பதவியில் ஒரு படி மேலே என்பதால் என்னை 'சார்' என்பார். அந்த சாரை எந்தக் குரலில் சொல்கிறார் என்பதை வைத்தே அன்றைக்கு நான் என்ன தப்பு செய்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆம்பூரில் ஷூ ஃபேக்டரிகள்தான் ஜாஸ்தி. எங்களுடையது தோல் கைப்பையும் பர்ஸும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவது. பையின் மூடி தானாகவே 'டக்'கென்று ஒட்டிக்கொள்வதற்காக, தோலுக்கும் உள்துணிக்கும் நடுவில் காந்தம் வைத்துத் தைப்போம். நியோடிமியம் காந்தம். சட்டைப் பட்டன் அளவுதான் இருக்கும், பளபளவென்று வெள்ளி மாதிரி. ஆனால் பள்ளிக்கூடத்தில் இரும்புத்தூளை இழுத்து விளையாடினோமே, அந்தக் காந்தம் இதன் கிட்டேயே வர முடியாது. தீப்பெட்டி அளவுக் காந்தம் இரண்டு ஒன்றையொன்று பார்த்துவிட்டால் நடுவில் இருப்பது விரலா, நகமா என்று கேட்காது.

ஸ்டோருக்குள் ஒரு தடுப்பு போட்டு, அந்தக் காந்தங்களுக்கென்று தனி அறை ஒன்றை அவர்தான் கேட்டு வாங்கினார். அங்கே இருக்கும் மேசையில் ஓர் ஆணி கிடையாது. தச்சரைப் பக்கத்தில் நின்று விரட்டி, மர முளையும் பசையும் வைத்தே செய்ய வைத்தது. அறைக்குள் போகும் முன் தாலிச் சரட்டில் மாட்டியிருக்கும் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். செல்போன், பஸ் பாஸ், பீரோ சாவி எல்லாம் வெளியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். உள்ளே வருகிற யாரும் அப்படித்தான் வர வேண்டும். பெல்ட் பக்கிளைக்கூட விடமாட்டார். மேனேஜர் ஒருநாள் பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஸ்டாக் பார்த்துவிட்டுப் போனார்.

எங்களுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். புதிதாக வந்த பெட்டியைத் திறக்கும்போது ஒருநாள் நானும் கிண்டலாக, "இத்தனூண்டு இது என்னக்கா பண்ணிடும்?" என்று இரண்டு பெரிய காந்தங்களை எடுத்தேன். எடுத்தது நினைவிருக்கிறது. அடுத்த நொடி என் ஆள்காட்டி விரலின் சதை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. கத்திக்கொண்டே பிய்த்து எடுக்கப் பார்த்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இழுக்காத சார், இழுக்காத! பக்கவாட்டுல தள்ளு. மேசை ஓரத்துல ஒண்ண முட்டுக் குடுத்துட்டு இன்னொண்ணத் தள்ளு. ம்... அப்படித்தான்."

விரல் வந்தது. ரத்தம் கட்டி கருநீலமாகியிருந்தது. காந்தத்தின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்து போயிருந்தது. அவர் என் விரலை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த உடைந்த துண்டைத் தேடத் தொடங்கினார். "கண்ணாடி மாதிரி சார் இது. ஒடஞ்சா தெறிக்கும். கண்ணுல போயிருந்தா இன்னா பண்ணுவ?" என்று தரையில் குனிந்தபடியே கேட்டார். துண்டு கிடைக்க அரைமணி நேரம் ஆனது. அதுவரை என் விரலுக்கு ஐஸ் வைக்கக்கூட அவர் யாரையும் அந்த அறை வாசலைத் தாண்ட விடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

அவரிடம் இருந்த ஒரே பெரிய குணம் அதுதான். கிடைக்கும்வரை விடமாட்டார். பார்க்காத ஒன்றை நம்பமாட்டார். அதனாலேயே அவர் பக்கத்தில் இருப்பது கஷ்டம். பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தால், வீட்டில் கேஸை அணைத்தோமா, வண்டியில் சாவியை விட்டுவிட்டோமா என்று நமக்கும் தோன்ற ஆரம்பித்துவிடும்.

ஏன் இப்படி என்று ஃபேக்டரியில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். அவருடைய குழந்தை ஒன்று ஏதோ விபத்தில் போய்விட்டது என்றார் ஒருவர். தம்பி மெஷினில் கை விட்டுவிட்டான் என்றார் இன்னொருவர். எனக்குத் தாங்கவில்லை. நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"எனக்கு ரெண்டு பசங்க. ஒருத்தன் ஓசூர்ல வேலையில இருக்கான், ஒருத்தி காலேஜ் போறா. எந்தம்பி பஸ் ஓட்றான். எல்லாரும் நல்லாத்தான் சார் இருக்காங்க. யாருக்காச்சும் எதுனா ஆனாத்தான் பாக்கணுமா?"



ஒருமுறை ஜெர்மனிக்குப் போகிற பைக்குக் காந்தம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இருப்பதிலேயே சக்தி ஜாஸ்தியான ரகத்தை வாங்கிவிடலாம் என்றார் மேனேஜர். அக்கா வேண்டாம் என்றார். மீட்டிங்கில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் சுவரோரம் நின்றபடி பேசினார்.

"அவ்ளோ பலம் எதுக்கு சார்? வயசான அம்மா ஒருத்தி கடையில நின்னு பையத் தொறக்க முடியாம முழிப்பா. காந்தத்துக்கும் காந்தத்துக்கும் நடுவுல எவ்ளோ தோல் வருதுன்னு மொதல்ல பாக்கணும். ஒரு தோல் ஜாஸ்தியானா இழுப்பு பாதி ஆய்டுது. எல்லாம் தெச்ச பெறகு எவ்ளோ இழுக்குதுன்னு பாத்துத்தான் வாங்கணும். அப்பறம் இன்னொண்ணு. நம்ம ஹீட்டர்."

பசை ஒட்டுவதற்காகப் பைகள் ஒரு சூட்டுப் பெட்டிக்குள் போய் வரும். சாதாரண ரகம் எண்பது டிகிரிக்கு மேல் போனால் சக்தியை இழந்துவிடும், ஆறிய பிறகும் திரும்ப வராது என்றார் அக்கா. மேனேஜர், "தோலே தாங்குது, இரும்பு தாங்காதா?" என்று சிரித்துவிட்டு ஆர்டர் போட்டுவிட்டார்.

அக்காவுக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் கொக்கி மாட்டி, பாலாற்று மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, எவ்வளவு மணலுக்குக் காந்தம் கைவிடுகிறது என்று பார்ப்பார். ஹீட்டருக்கு முன்னால் ஒரு டம்ளர் நிறையத் தாங்கியது, ஹீட்டருக்குப் பிறகு அரை டம்ளர்கூடத் தாங்கவில்லை. ஒன்று இரண்டல்ல, வரிசையாகப் பத்துப் பைகளை அப்படிச் சோதித்தார். பதினோராவது பையையும் டம்ளரையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போய், அவர் மேசை மேலேயே மணலைக் கொட்டிக் காட்டினார். சூடு தாங்குகிற ரகம், அதிலும் ஒரு படி சக்தி கம்மியானது, அடுத்த வாரமே வந்தது. அந்தப் பைகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அவர் அதற்காகச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்குள் புது ரகத்தின் மேல்பூச்சு வியர்வைக்குத் துருப்பிடிக்குமா என்று பார்க்க, நாலைந்து காந்தத்தை உப்புத்தண்ணீரில் போட்டு வைத்திருந்தார்.

கட்டிங் மாஸ்டர் விஷயம் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது. எங்கள் ஃபேக்டரியிலேயே மூத்தவர், மரியாதைக்கு உரியவர், பாய். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியிருந்தார். தைக்க வேண்டிய பைக்கு அளவு பார்க்க, பழக்கதோஷத்தில் காந்த அறைப் பக்கம் நடந்தார். அக்கா ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார்.

"பாய், அங்கியே நில்லுங்க! கிட்ட வராதீங்க!"

தையல் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாம்மா, தொட்டா ஒட்டிக்கிற வியாதியா எனக்கு?"

"ஒங்க நெஞ்சுல இருக்கற மிஷினுக்கு இந்தக் காந்தம் ஆகாது பாய். கிட்ட வந்தா அது வேலைய மாத்திக்கும்."

"அத மெதுவாச் சொல்லத் தெரியாதா?"

அவர் திரும்பிப் போய்விட்டார். அக்கா அன்றே தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, அதற்குள் மாஸ்டர் வரக்கூடாது என்று எல்லோரிடமும் சொன்னார். மாஸ்டர் பல நாள் அவரிடம் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாஸ்டருக்கு வேண்டிய அளவு, பேட்டர்ன் எதுவாக இருந்தாலும், ஒரு நாளில் பத்து முறையானாலும், அக்காவே எடுத்துக்கொண்டு நடந்து போய்க் கொடுத்தார். போகும் முன் ஒவ்வொரு முறையும் சேலை முந்தானையை உதறி, எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தம் போட்டது தப்பு என்று அவருக்குத் தோன்றியதா என்றுகூட எனக்குத் தெரியாது.

காந்தப் பெட்டியோடு ஓர் ஆங்கில எச்சரிக்கைத் தாள் வரும். எல்லோரும் அதைக் குப்பையில் போடுவார்கள். அவர் ஒரு தாளை என்னிடம் கொண்டு வந்து, "ஒரு வார்த்த விடாம தமிழ்ல சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். குழந்தைகள் விழுங்குவது பற்றி ஒரு பத்தி இருந்தது. ஒரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டு விழுங்கினால், குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும் அடுத்த மடிப்பில் ஒன்றுமாக நின்று, சதையை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அந்த இடம் ஓட்டையாகிவிடும். அவர் அந்தப் பத்தியை மட்டும் மூன்று முறை சொல்லச் சொன்னார். சொன்னவன் நான். இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகைக்காக மதிய இடைவேளை நீளமாக இருக்கும். லைனில் பாதிப் பேர் இல்லை. பர்ஸுக்காக வந்த புது சாம்பிள் காந்தங்களை அளவு பார்க்க நான் ஸ்டோருக்குப் போனேன். மெல்லிய வட்டமாக, பார்க்கவே அழகாக இருந்தன. அக்கா வெளியே யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நாலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் மகள் படம் வரைந்து ஒட்டுவாள், டேப் நிற்பதில்லை. அதற்குத்தான். என் மகளுக்கு அப்போது மூன்று வயது.

சனிக்கிழமை காலை அவர் என் மேசைக்கு வந்தார்.

"சார், சாம்பிள் காந்தத்துல நாலு கம்மி. நேத்து நீங்க வந்தீங்களே, எதுனா எடுத்தீங்களா?"

அந்த சார் மிகவும் சாதாரணமான சார். எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஃபேக்டரியிலிருந்து ஓர் ஊசிகூட வெளியே போகக்கூடாது என்று பலகையில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். "இல்லையேக்கா" என்றேன்.

அவர் நம்பினார். நம்பியதால் தேட ஆரம்பித்தார். ஒரு கோலின் நுனியில் பெரிய காந்தத்தைக் கட்டி, தரை முழுக்க இழுத்துக்கொண்டு போனார். உடைந்த ஊசிகளும் குண்டூசிகளும் வந்தன, அந்த நாலு வரவில்லை. குப்பைச் சாக்குகளைக் கொட்டினார். காந்தம் வைக்காத பர்ஸ்களை மறுபடி, உடைந்த ஊசியைக் காட்டிக்கொடுக்கும் மிஷினில் விடச் சொன்னார். பேக்கிங் நின்றது. மேனேஜர் கத்தினார். சாயங்காலம் கேட்டில் செக்யூரிட்டி, தையல் வரிசைப் பெண்கள் இரண்டு பேரின் பைகளை மேசை மேல் கவிழ்த்துக் கொட்டினார். டிபன் பாக்ஸ், சீப்பு, மாத்திரை அட்டை, இன்னும் எல்லோர் முன்னாலும் வெளியே வரக்கூடாதவை. ஸ்டாஃப் பைகளை யாரும் தொடுவதில்லை. நான் அவர்களைத் தாண்டி வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது குழந்தை சோர்ந்து படுத்திருந்தாள். காலையிலிருந்து மூன்று முறை வாந்தி என்றாள் மனைவி. நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். கதவில் இரண்டுதான் இருந்தன.

"மீதி ரெண்டு எங்க?"

"கீழ எங்கனா விழுந்திருக்கும். அத வுடுங்க, மொதல்ல டாக்டர்கிட்ட போலாம் வாங்க."

தெருமுனை டாக்டர் வெளிச் சாப்பாடு ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும் என்று சிரப் எழுதினார். காந்தம் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லாததற்கு என்ன காரணம் என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில், பீரோவுக்கடியில் எல்லாம் தேடினேன். கிடைத்துவிடும், கிடைத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அக்கா. முகமெல்லாம் வியர்வை. உள்ளங்கையில் பேனாவால் ஐந்து பெயர்கள் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டோருக்கு வந்தவர்கள். நாலு பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன.

"நாலு வூட்டுக்கும் போய்ட்டு வந்துட்டேன் சார். கோச்சுக்காதீங்க. ஷர்ட்டு பாக்கெட்டுல கிக்கெட்டுல தெரியாம வந்திருக்குமான்னு ஒருவாட்டி பாத்துடுங்க. சின்னப் பசங்க இருக்கற வூடாச்சே, அதான் தூக்கமே இல்ல."

"அக்கா, நேத்தே சொன்னேனே..."

நான் அந்த வாக்கியத்தை முடிக்கும் முன் உள்ளே குழந்தை வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

"பாப்பாவுக்கு இன்னா?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. செருப்போடு உள்ளே வந்துவிட்டார். குழந்தையைப் பார்த்தார். வாந்தி பச்சையாக இருந்தது. திரும்பினார். ஃபிரிட்ஜ் கதவில், சிவப்புக் கிரேயானில் வரைந்த ஒரு யானைப் படத்தின் மேல் இரண்டு காந்தங்கள்.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மனைவியிடம் போய், "ஒண்ணும் குடுக்காதம்மா. தண்ணி கூட வேணாம். வாழப்பழம் குடுன்னு யாராச்சும் சொல்வாங்க, குடுக்காத. வண்டிக்குச் சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த ஒரு ஸ்கேன் சென்டரைக் கண்டுபிடித்தோம். எக்ஸ்ரே எடுத்த பையன் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "காசு மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு. ரெண்டு நாள்ல தானா வந்துடும்" என்றான். என் மனைவி அழுதுகொண்டே சாமியைக் கும்பிட்டாள். எனக்கும் மூச்சு வந்தது.

"தம்பி, சைடுல ஒரு படம் எடு" என்றார் அக்கா.

"எதுக்கு? அதான் தெரியுதே..."

"எடு தம்பி. ரெண்டு காணோம். ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு எங்க?"

பக்கவாட்டில் எடுத்த படத்தில் இரண்டு தட்டுகள் தெரிந்தன. ஒட்டிக்கொண்டிருந்தன, ஆனால் முழுக்க ஒட்டவில்லை. நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இந்தக் காந்தம் நடுவுல எதுவும் இல்லன்னா இப்படி நிக்காது. நடுவுல இருக்கறது கொடல்."

பக்கத்து வீட்டுக்காரர் காரில் வேலூருக்குப் போனோம். மனைவி மடியில் குழந்தையின் தலை, அக்காவின் மடியில் கால்கள். அக்கா உட்கார்ந்திருந்தார். அசையவே இல்லை. பாலத்தில் கார் குலுங்கியபோது மட்டும் குழந்தையின் முழங்காலை அழுத்திப் பிடித்தார். பள்ளிகொண்டா தாண்டும்போது அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரே முன்னால் போய், காந்தம், இரண்டு, எந்த அளவு, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் விழுங்கியிருக்கலாம் என்று கடகடவென்று சொன்னார். "எம்ஆர்ஐ மட்டும் எடுத்துடாதீங்க டாக்டர்" என்றார். அந்த டாக்டரம்மா நிமிர்ந்து, "நீங்க நர்ஸா?" என்று கேட்டார். "இல்லம்மா, ஸ்டோர்" என்றார் அக்கா.

அன்று சாயங்காலமே வயிற்றைத் திறந்தார்கள். குடலில் இரண்டு இடம் ஓட்டையாகத் தொடங்கியிருந்தது. தைத்தார்கள். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் விஷம் வயிறு முழுக்கப் பரவியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். குழந்தை பிழைத்துவிட்டாள். பத்தாவது நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எடுத்த இரண்டு காந்தங்களையும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஃபிரிட்ஜில் இருந்த இரண்டையும், என்னிடம் சாவி வாங்கி, மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் என் வீட்டிலிருந்து எடுத்துப் போனார். திங்கட்கிழமை ஸ்டோர் ரெஜிஸ்டரில் அழகான கையெழுத்தில் எழுதினார்: சாம்பிள் காந்தம் நாலு, சாம்பிள் இன்சார்ஜ் வீட்டிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பக்கத்தில் என் பெயர்.

எனக்கு மெமோ வந்தது. மகள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. என் குழந்தையைக் காப்பாற்றியவர் மேல்தான் அந்த ஆத்திரம். திரும்பி வேலைக்குப் போன அன்றே ஸ்டோருக்குப் போனேன்.

"இவ்ளோ செஞ்சிட்டு ஏன்க்கா அப்படி எழுதினீங்க? கீழ கிடந்துச்சுன்னு எழுதியிருக்கலாமே."

அவர் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"கீழ கெடக்கலியே சார்."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே. தப்பா எழுதிட்டா அது எனக்குள்ள காணாமப் போன மாதிரிதான். நான் தேடிட்டேதான் இருப்பேன்." தட்டை மறுபடி எடுத்தார். பிறகு, "அந்த ரெண்டு பொண்ணுங்க பைய கேட்டுல கொட்டுனாங்க. அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார்.

ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டுச் சொன்னேன். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு மிஷினை ஓட்டினாள். இன்னொருத்தி, "பாப்பா இப்ப சாப்பிடுதா?" என்று கேட்டாள். முதலாமவளின் பதில்தான் எனக்குச் சுலபமாக இருந்தது.

வீட்டில் மட்டும் முழுசாகச் சொல்லவில்லை. காந்தத்தை நான் கொண்டு வந்தது மனைவிக்குத் தெரியும். அக்கா சனிக்கிழமையே கேட்டதும், நான் இல்லை என்றதும், டாக்டரிடம் வேண்டுமென்றே வாய்மூடி இருந்ததும் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து ராணிப்பேட்டையில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன். அக்காவோடு போன் பேச்சும் நின்றுவிட்டது. நிறுத்தியது நான்தான்.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, குடும்பத்தோடு பள்ளிகொண்டா பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தோம். மகளுக்கு இப்போது எட்டு வயது. தரிசனம் முடிந்து கடைத்தெருவில் நடந்தபோது, ஒரு பொம்மைக் கடை முன்னால் கூட்டம். நடுவில் அவர். முடி நரைத்திருந்தது. கையில் ஒரு சின்னப் பாக்கெட். நிறம் நிறமாக மிளகு அளவு காந்த மணிகள். உருட்டி, சேர்த்து, சங்கிலி செய்து விளையாடுவது.

"இத வித்தா கொலைக்குச் சமம்ப்பா. கொழந்த வாயில போட்டுக்கும்."

"ஏம்மா, காலையிலேர்ந்து வேவாரத்தக் கெடுக்கற. ஊரெல்லாம் விக்கிது. யாருக்காச்சும் ஆயிருக்கா? ஒரு ஆளக் காட்டு பாப்போம்."

கூட்டம் சிரித்தது. அப்போது அவர் எங்களைப் பார்த்தார். என்னை, மனைவியை, மகளை. மகளை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தார். காட்டுவதற்கு ஆள் பத்தடி தூரத்தில் நின்றிருந்தது. அவர் பார்வையை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடமே திரும்பினார். "யாருக்காச்சும் ஆனாத்தான் நம்புவியா?" என்று மட்டும் சொன்னார்.

மனைவி என் கையைப் பிடித்து, "அந்தக்காதானே?" என்றாள். நான் கூட்டத்துக்குள் போனேன்.

"எம் பொண்ணுக்கு ஆச்சு" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. "ரெண்டு முழுங்கிட்டா. கொடல் ஓட்டையாகி வயித்தக் கிழிச்சு எடுத்தாங்க. வேலை செய்யற எடத்துலேர்ந்து நான்தான் எடுத்துட்டுப் போனேன். இவங்க மறுநாளே வந்து கேட்டாங்க. இல்லன்னு பொய் சொன்னேன். டாக்டருக்கும் சொல்லல. இவங்க வூடு தேடி வரலன்னா எம் பொண்ணு இப்ப இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் மனைவி நிற்கிறாள் என்று தெரியும். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கடைக்காரர் அந்தப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கொக்கியிலிருந்து எடுத்து ஒரு சாக்குக்குள் போட்டார். கூட்டம் கலைந்தது.

அக்கா என் மகளிடம் குனிந்து, "வயித்து வலி எதுனா வருதா கண்ணு?" என்றார். மகள் இல்லை என்று தலையாட்டினாள். அக்கா அவள் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. நிமிர்ந்துவிட்டார்.

"வாங்கக்கா, ஒரு காப்பி சாப்டலாம்" என்றேன்.

"நீங்க போங்க சார், பஸ் வந்துடும்." குரலைத் தாழ்த்தினார். "நாம போனதும் மறுபடியும் எடுத்து மாட்டுவான். நான் கொஞ்ச நேரம் இங்கியே இருக்கேன்."

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது மனைவி என் கையை விட்டிருந்தாள். மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு முன்னால் போனாள். திரும்பாமலே, "சனிக்கெழமையே கேட்டாங்களா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.